திரு.வி.க.: ஏடும் ஆலையும்

வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியராக விளங்கிய திரு.வி.க., 1917இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். அரசியலை நல்ல தமிழில் எழுதலாம் என்று அவர் நிறுவியதை நாடறியும். அதனினும் சிறந்த செயலொன்று உண்டு. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூர் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். தொழிலாளரிடையே நேரில் கேட்டறிந்த துயர் அவர்தம் ஏட்டில் எழுத்தாயிற்று. 1920இல் தொடங்கிய 'நவசக்தி'யும் அவ்வழியே நின்றது.

அந்தப் பெரம்பூரைக் கடந்தே திருவள்ளூர் இரயில்கள் வருகின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இன்று வடமாநிலத்தாரும் நம்மவரோடு உழைக்கின்றனர். அவர்தம் குரல் நம் ஏடுகளில் ஒலிக்கின்றதா? பத்தாண்டு கண்ட நம் வட்டம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.