புள்ளி இல்லாத ஞானபாடம்

1579-இல், மட்டாஞ்சேரியை அடுத்த போர்த்துக்கீசியக் கொச்சியில், சேசு சபையினர் தமிழில் ஒரு நூலை அச்சிட்டார்கள்: ‘கிரிசித்தியானி வணக்கம்’. போர்த்துகலில் சிறுவர்களுக்காக மார்கோஸ் ஜோர்ஜ் எழுதிய ஞானபாடத்தை, முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றிக் அடிகளார் தமிழாக்கியது. குருவும் சீடனும் கேள்வி பதிலாகப் பேசும் நூல். ஆனால் அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் ஒரே வடிவம்தான். இந்த எழுத்து முறையில் ‘கண்’ணும் ‘கண’வும் ஒன்று, ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை திணறித்தான் போகும். ஆகவே செபங்களை ஏற்கெனவே காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர்களுக்கே இது வாசிப்பு நூலாகப் பயன்பட்டிருக்கும் என்பது என் முடிவு.

பரங்கிப் பாதிரிக்குத் தமிழ் போதாமல் வந்த குறை என்று சொல்லிவிடலாம். ஆனால் தமிழுக்கே இலக்கணம் எழுதிய மனிதர் அவர். அந்தப் பழி ஒட்டாது. புள்ளி வைக்கத் தொல்காப்பியம் சொல்லியிருந்தும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். அச்சும் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டது. திண்ணைப் பள்ளியிலும் பாடம் முதலில் வாயில், பிறகுதான் மணலில். அதனால் யாருக்கும் இது உறுத்தியிருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்திலேயே காட்டும் சீர்திருத்தம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரால் வந்தது. அவரும் சேசு சபைக்காரர்தான்.