ஜனவரி 2-இல் பிறந்த பிள்ளை

சென்ற வாரம் மாலை மக்தப் முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னும் ஒரு மாணவன் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தான். அவரவர் பிறந்த தேதியில் நடந்த வரலாற்று நிகழ்வொன்றை எழுதி வருமாறு பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்களாம். அவன் பிறந்தது 2013 ஜனவரி 2. தேடியபோது முதலில் கண்ணில் பட்டது கிரானடாவின் வீழ்ச்சி. வீட்டில் சொன்னதும் அவனுடைய உம்மம்மா, "நீ பொறந்தது ஸபர் மாசத்துப் புதன்கிழமை வேற" என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். "ஹஜ்ரத், நான் பிறந்தது முஸீபத்தான நாளா?" என்று கேட்டான். பிள்ளையின் அக்கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை.

கிரானடாவின் செய்தி உண்மைதான். 711-இல் தாரிக் இப்னு ஜியாத் கரையேறிய அந்தலுஸின் கடைசி முஸ்லிம் அரசு, 1492 ஜனவரி 2 அன்று முடிவுற்றது. சுல்தான் அபூ அப்துல்லாஹ், ஃபெர்டினாண்ட், இசபெல்லா அரச தம்பதியரிடம் நகரை ஒப்படைத்தார். அல்ஹம்ரா கோட்டை கைமாறியது. திரும்பிப் பார்த்து அழுத சுல்தானைத் தாயார் கடிந்துகொண்டதாக ஒரு கதை நம் பயான்களில் அடிக்கடி வரும். நாமும் மிம்பரில் சொல்லியிருக்கிறோம். அது பிற்காலத்தில் புனையப்பட்ட கதை என்றே வரலாற்றாய்வாளர் பலரும் கருதுகின்றனர். இப்போது சொல்வதை விட்டுவிட்டோம்.

ஆனால் நகரம் அன்று ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. அபூ அப்துல்லாஹ் முதலில் தம் தந்தையோடும், பின்னர் சிறிய தந்தையோடும் அரியணைக்காகப் போரிட்டார். 1483-இல் எதிரியிடம் சிறைப்பட்டு, அவர்களுடைய நிபந்தனைகளை ஏற்று வெளியே வந்தார். வீடு இரண்டுபட்டிருந்த அவ்வாண்டுகளில் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 1491 நவம்பரில் எழுதப்பட்ட உடன்படிக்கை, பள்ளிவாசல்களும் வணக்கமும் ஷரீஅத் சட்டமும் காக்கப்படும் என்று வாக்களித்தது. எட்டே ஆண்டுகளில், 1499-இல், கார்டினல் சிஸ்னேரோஸ் வந்து கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. 1609 முதல், மதம் மாற்றப்பட்டோரின் சந்ததியினரும் நாடு கடத்தப்பட்டனர். இத்தனைக்கும் ஒரு தேதியின் மீது பழிபோடுவது, செய்தவர்களைத் தப்பவிடுவதாகும் அல்லவா?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்காலத்தில் வழங்கியது ஜூலியன் நாட்காட்டி. 1582-இல் போப் கிரிகோரி அதைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. இன்றைய கணக்கைப் பின்னோக்கி நீட்டினால் கிரானடா ஒப்படைக்கப்பட்ட நாள் ஜனவரி 11 ஆகிறது. ஹிஜ்ரிக் கணக்கிலோ அது 897-ஆம் ஆண்டு ரபீஉல் அவ்வலின் தொடக்கம். நம் மாணவன் பிறந்ததோ ஸபரில். ஆக, இரண்டு நாட்களும் ஒன்றாயிருப்பது பெயரளவில் மட்டுமே. இதைக் கேட்டபோதுதான் பையனின் முகம் சற்றுத் தெளிந்தது.

பிறகு மதீனாவில் நடந்த ஒன்றைச் சொன்னோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே மறைந்த நாளன்று சூரிய கிரகணம் பிடித்தது. அது 632 ஜனவரி 27 என்று வானியலார் கணிக்கின்றனர். குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மகனை இழந்து கண்ணீர் வடித்த தந்தைக்கு அதைவிட ஆறுதலான பேச்சு வேறென்ன இருக்க முடியும்? மறுக்காமல் இருந்திருந்தாலே போதும். அவர்களோ கிரகணத் தொழுகை நடத்தி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று அறிவித்தார்கள். இறப்போடு பிறப்பையும் சேர்த்துச் சொன்னதை அன்று மாணவனுக்கு இருமுறை படித்துக் காட்டினோம்.

எஞ்சியது ஸபர். அறியாமைக் கால அரபிகள் அம்மாதத்தைத் துர்ச்சகுனமாகக் கருதினர். நாயகம் (ஸல்) அவர்கள் அதை மறுத்தார்கள். அப்படியிருந்தும் நம் ஊர்களில் ஸபரில் நிக்காஹ் வைக்கத் தயங்குகிறோம். ஒடுக்கத்துப் புதனன்று எழுதிக் கரைத்துக் குடிக்கிறோம். ஹிஜ்ரத்துக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டதே ஸபர் மாத இறுதியில் என்று ஸீரா ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

பையன் தன் தாளில் கிரானடாவையே எழுதினான். 1491-இன் உடன்படிக்கையையும் 1499-ஐயும் விடாமல் சேர்த்துக்கொண்டான். "உம்மம்மாகிட்ட ஸபரைப் பத்தி நீங்களே வந்து சொல்லுங்க ஹஜ்ரத், நான் சொன்னா கேக்க மாட்டாங்க" என்று அந்தப் பொறுப்பை மட்டும் நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் போவதாக இருக்கிறோம்.