வாவிக்கு மேலே

மட்டக்களப்பு வாவியை வானத்திலிருந்து காண்பது பேரின்பம் என்பதை மறுப்பதற்கில்லை. திமிலைதீவை அடுத்த ஓடுபாதையிலிருந்து சிறு விமானம் கிளம்பியதும், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பு நம் கண்முன் விரிகிறது. கிழக்கே வங்கக் கடலின் நுரைக்கோடு, கடலுக்கும் வாவிக்கும் இடையே தென்னை செறிந்த ஒடுங்கிய மணல் நிலம், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல், அதற்கப்பால் குடும்பிமலை. பேர்பெற்ற பாடும் மீனின் இசையை மட்டும் எஞ்சின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது!

இந்த வானத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இக்கரைக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைக் குண்டு வீசி மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரு ஏகாதிபத்தியங்கள் மோதிய அந்தப் போரில் நம்மவரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. 1958 இல் பொதுமக்களின் பயணத்துக்காகத் திறக்கப்பெற்ற விமான நிலையம் 1983 இல் விமானப் படையின் கைக்குப் போயிற்று. பின்வந்த போர்க்காலத்தில் விமான ஓசை கேட்டால் தாய்மார் குழந்தைகளை வாரிக்கொண்டு மறைவிடம் தேடினர். 2016 இல்தான் நிலையம் மறுபடியும் பொதுமக்களுக்குத் திறந்தது.

மேலிருந்து நோக்குபவருக்கு இரு கரைகளும் ஒரே பசுமையாகத் தோன்றும். மண்ணில் நிற்பவருக்கு அப்படியல்ல. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. நெல் விளைந்தது பெரும்பாலும் படுவான்கரையில். பெரிய பாடசாலைகளும் ஆஸ்பத்திரியும் கச்சேரியும் அமைந்தவை நகரத்திலும் எழுவான்கரையிலும். காணிக்குரிய போடியார் பலர் எழுவான்கரையில் குடியிருக்க, முல்லைக்காரனும் வயற்காரரும் படுவான்கரை வாடிகளில் கிடந்து, இரவில் யானைக்குக் காவலிருந்து பயிரை விளைவித்தனர். விதைநெல்லும் உணவுநெல்லும் முன்கடனாகப் பெற்றவன், சூடு மிதித்த களவெட்டியிலேயே அதைத் திருப்பி அளந்தான். பொலி பாடிக் குவித்த நெல்லில் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனது எவ்வளவு? விமானத்திலிருந்து எடுக்கும் அழகிய படங்களில் அந்தக் கணக்கு விழுவதில்லை.

விமான நிலையம் திறந்த அதே 1958 இல் பிலிப் குணவர்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு அளிக்க முயன்றது. காணிக்காரரின் எதிர்ப்பும் வெளியேற்றங்களும் அதன் பலனைக் குறைத்தன. கூலிக்கு உழுதவனோ குத்தகைக்காரனே அல்லன். அவனுக்கு இந்தப் பாதுகாப்பு ஏது?

மண்முனையில் பாலம் வந்தது 2014 இல். அதுவரை அறுவடை நெல்லும், பிரசவ வேதனையிலிருந்த பெண்ணும், பரீட்சைக்குப் போன மாணவனும் அங்கே வாவியைக் கடந்தது, 'பாதை' என்று இப்பகுதியில் வழங்கும் தட்டையான மிதவையில்தான். குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் அதன் பின்னரும் பாதையே ஓடிற்று. வானத்திலிருந்து பார்த்தால், நீர்மேல் மிதக்கும் தீக்குச்சி அளவே அது தெரியும். காற்று எழுந்துவிட்டாலோ இரு கரைகளிலும் சனங்கள் காத்து நிற்க வேண்டியதுதான்.