மலிவு விமானச் சீட்டு: மூலமும் உரையும்

விமானச் சீட்டில் நாம் பார்ப்பது தேதியும் நேரமும்தான். மற்ற வரிகளை எழுதியவர் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதியிருக்கிறார், படிக்கத்தான் ஆளில்லை. சென்னையிலிருந்து மதுரை செல்லும் மலிவு விமானச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு நிறுவனம் சொல் மாறும், பொருள் பெரும்பாலும் இதுவே.

“நிலை: உறுதி செய்யப்பட்டது.”

விமானத்தில் உங்களுக்கு இடம் உண்டு என்பது இதன் பொருள். ஆனால் சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கைகளைவிடக் கூடுதலாகச் சீட்டு விற்க நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது. எல்லோரும் வந்துவிட்டால்? விட்டுக்கொடுக்க விருப்பமுள்ளவர்களை முதலில் கேட்க வேண்டும். நேரத்துக்கு வந்த உங்களை மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானத்திலும் ஏற்றாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதி.

“அடிப்படைக் கட்டணம்.”

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்தத் தொகைதான். ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து, கீழ்ப்படி தீர்ந்ததும் அடுத்ததைத் திறப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் பாதி விலையில் வந்திருப்பது இதனால்தான். 2003-இல் கேப்டன் கோபிநாத் பறக்கவிட்ட ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்குச் சீட்டு விற்றதும் சில இருக்கைகளுக்கு மட்டுமே. ‘சூரரைப் போற்று’ படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

“செக்-இன் லக்கேஜ் 15 கிலோ, கைப்பை 7 கிலோ.”

கூடுதல் எடைக்கு முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் ஒரு விலை. கவுன்ட்டரில் தராசைப் பார்த்த பிறகு கட்டினால் அதைவிட அதிகம். ஊரிலிருந்து திரும்பும் பெட்டியில் அம்மா கடைசி நிமிடத்தில் என்ன வைப்பார் என்பது யாருக்கும் தெரியாது; வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துவிடுவது நல்லது. கொப்பரை எளிதில் தீப்பற்றும் என்பதால் பெட்டியில் அனுமதியில்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்.

“இருக்கை: ஒதுக்கப்படவில்லை.”

ஜன்னலோரம், முன்வரிசை, கால் நீட்ட இடமுள்ள வரிசை எல்லாம் தனி விலை. பணம் கட்டாதவருக்கு மிஞ்சியது கிடைக்கும், அது பெரும்பாலும் நடு இருக்கை. குழந்தையோடு போகிறவர்கள் பயந்து பணம் கட்டத் தேவையில்லை. ஒரே பி.என்.ஆரில் வரும் 12 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. 2024-இல் அறிவுறுத்தியது. கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் அச்சிடத் தனிக்காசு வாங்கக் கூடாதென்று விமானப் போக்குவரத்து அமைச்சகமும் 2022-இல் சொல்லிவிட்டது.

“கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணங்களால் நேரம் மாறலாம்.”

மலிவு நிறுவனத்தின் பிழைப்பே விமானத்தைத் தரையில் நிற்கவிடாமல் ஓட்டுவதில் இருக்கிறது. இறங்கிய அரை மணியில் அடுத்த ஊருக்கு ஏற வேண்டும். காலையில் எங்கோ விழுந்த இருபது நிமிடத் தாமதம் இரவுக்குள் இரண்டு மணி நேரமாகிவிடும். முதல் விமானத்துக்கு விடியுமுன் எழுவது சிரமம்தான். ஆனாலும் அவசர வேலை உள்ளவர் அதையே எடுக்க வேண்டும். சென்னை–மதுரை போன்ற குறுகிய பயணத்தில் தாமதம் இரண்டு மணி நேரத்தை எட்டினால், நேரத்தோடு செக்-இன் செய்தவருக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ, முடிவு பயணியுடையது. புயல், மூடுபனி என்றால் இழப்பீட்டுத் தொகையிலிருந்து நிறுவனம் தப்பிக்கலாம். எல்லாத் தாமதத்துக்கும் வானிலையைக் கைகாட்டும் பழக்கம் இங்கிருந்து பிறந்தது என்பது என் கருத்து.

“பணம் திரும்பக் கிடைக்காது.”

மொத்தச் சீட்டிலும் அதிகம் ஏமாற்றுவது இந்த வரி. கட்டணப் பட்டியலைப் பாருங்கள்: பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், 5 சதவீத ஜி.எஸ்.டி. இவை நிறுவனத்தின் வருமானம் அல்ல. விமான நிலையத்துக்கும் அரசுக்கும் போக வேண்டியதை அது வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பறக்காதவரிடம் இவற்றை எடுத்துக்கொள்ள நியாயமில்லை. டி.ஜி.சி.ஏ. விதியும் அதையே சொல்கிறது: ரத்து செய்தாலும், விமானத்தைத் தவறவிட்டாலும், சலுகைச் சீட்டே ஆனாலும், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. மிகமலிவான சீட்டில் சில சமயம் இந்த வரித்தொகைதான் பெரிய பங்கு. முன்பதிவின்போது வாங்கிய கன்வீனியன்ஸ் ஃபீ மட்டும் போனது போனதுதான்.

விமானத்தைத் தவறவிட்டவர்களில் பலர் இந்தப் பணத்தைக் கேட்பதே இல்லை. கேளுங்கள். நிறுவனத்துக்கு பி.என்.ஆர். எண்ணோடு எழுதுங்கள், பதில் வராவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.