ஒரு சாயத்தை நம்பி

சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்ததே ஒரு தற்செயலால்தான். 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியா வளரும் திரவத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரமல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். 1978-ல் அது மருந்தாகவே அனுமதி பெற்றது.

இந்த மருந்து டி.என்.ஏ. இழையில் ஒட்டிக்கொண்டு முடிச்சுப் போடும். செல் சும்மா இருக்குமா? முடிச்சு விழுந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தைப் புதிதாக நிரப்பிக்கொள்ளும். (இந்த ரிப்பேர் வேலையை விளக்கியதற்காகத்தான் அஜீஸ் சன்ஜாருக்கு 2015 நோபல் பரிசில் பங்கு.) வெட்டுகிற கத்தரிக்கோலின் ஒரு பாதி, ஈ.ஆர்.சி.சி.1 என்ற புரதம். ஆக, கத்தரி இல்லாத புற்றுசெல் மருந்துக்குச் சாக வேண்டும், இருக்கிற செல் தப்பிக்க வேண்டும். கணக்கு சரிதானே?

நுரையீரல் புற்றுநோயில் இந்தக் கணக்குக்கு ரொம்பவே தேவை இருந்தது. 2004-ல் வெளிவந்த ஒரு பெரிய சர்வதேச ஆய்வு: 1867 நோயாளிகள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிஸ்பிளாட்டின் சார்ந்த மருந்துகள் பெற்றவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 40.4. யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கு நான்கு பேர் பிழைப்பதற்காக நூறு பேரும் வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு, காது மந்தம் என்று எல்லா ஆபத்தையும் ஏற்க வேண்டும். அந்த நான்கு பேர் யாரென்று முன்பே தெரிந்துவிட்டால்?

2006-ல் தெரிந்துவிட்டதாகவே தோன்றியது. பாரிஸ் அருகிலுள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் மையத்தினரும் கூட்டாளிகளும் அதே ஆய்வின் 761 கட்டிகளை எடுத்து, 8எஃப்1 என்ற ஆன்டிபாடியால் சாயமேற்றிப் பார்த்தார்கள். ஈ.ஆர்.சி.சி.1 இல்லாத கட்டிக்காரர்களுக்கு மருந்தால் பலன், இருந்தவர்களுக்கு இல்லை. அப்படியே கணக்குப்படி! இந்தச் சாயத்தை வைத்தே நோயாளிக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்கும் ஆய்வுகளும் தொடங்கின.

பிறகு அதே குழுவினர் வேறு இரண்டு ஆய்வுகளின் 494 மாதிரிகளில் இதைச் சரிபார்க்கப் போனார்கள். பலிக்கவில்லை. நானாக இருந்தால் மாதிரிகள் மேல் பழியைப் போட்டிருப்பேன். அவர்கள் பழைய மாதிரிகளையே எடுத்து மறுபடி சாயமேற்றினார்கள். முன்பு 44 சதவீதம் 'இருக்கிறது' என்று காட்டியது, இப்போது 77! திசு அதேதான், ஆன்டிபாடியின் பெயரும் அதேதான். ஆனால் வேறு தொகுப்பில் தயாரானது.

விடவில்லை. கடையில் கிடைத்த 16 ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். இந்தப் புரதத்துக்கு நான்கு வடிவங்கள் உண்டு, ரிப்பேர் செய்வது அதில் ஒன்றுதான். அந்த ஒன்றை மட்டும் பிரித்துக் காட்ட பதினாறில் ஒன்றாலும் முடியவில்லை. 2006 கட்டுரை வந்த அதே பத்திரிகையில் 2013-ல் இதையும் எழுதினார்கள், பழைய கட்டுரையின் ஆசிரியர்கள் சிலரின் பெயரோடு. கத்தரிக்கோல் யோசனை தப்பு என்று அதில் எங்கும் சொல்லவில்லை. கத்தரி எந்தக் கட்டியில் இருக்கிறது என்று பார்க்கத்தான் வழியில்லாமல் போயிற்று.