வாட்டர்லூப் போர் தீர்மானித்தது என்ன?

வாட்டர்லூப் போர் வாட்டர்லூ என்னும் ஊரில் நிகழ்ந்ததன்று. 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் நெப்போலியனின் படையும் நேசநாட்டுப் படைகளும் மோதிய வயல்வெளி அவ்வூருக்குத் தெற்கே, மோன்-சேன்-ழான் என்னும் சிற்றூரை ஒட்டியிருந்தது. வாட்டர்லூ, வெலிங்டன் தலைமையகம் அமைத்துத் தங்கிய ஊர். வெற்றியை இலண்டனுக்கு அறிவித்த மடலிலும் அவர் அவ்வூர்ப் பெயரையே குறித்தார். பிரசியத் தளபதி புளூஹர், களத்தின் நடுவிலிருந்த ‘லா பெல் அலியான்ஸ்’ விடுதியின் பெயரைப் போருக்குச் சூட்ட விரும்பினார். ‘அழகிய கூட்டணி’ என்பது அதன் பொருள். பெர்லினில் ஒரு சதுக்கமும் அப்பெயர் பெற்றது. பிரெஞ்சுக்காரர் மோன்-சேன்-ழான் என்று வழங்கினர். மொழியியல் பயின்றவனுக்கு இப்பெயர்ப் போட்டி வெறும் சுவைச் செய்தியன்று; வெற்றி எவருடையது என்னும் வழக்கே அதனுள் அடங்கியுள்ளது.

அவ்வழக்கில் பிரசியர் பக்கம் நியாயம் உண்டு. வெலிங்டனிடமிருந்த ஏறத்தாழ 68,000 வீரருள் பிரித்தானியர் பாதிக்கும் குறைவு. ஏனையோர் டச்சுக்காரர், பெல்ஜியர், ஹனோவர், பிரன்சுவிக், நாசோ நாட்டார். நெப்போலியனிடம் ஏறத்தாழ 73,000 பேர் இருந்தனர். முந்திய இரவு கொட்டிய மழையால் நிலம் சேறானது. பீரங்கிகளை நகர்த்த இயலவில்லை. முற்பகல் 11.30 மணியளவில்தான் தாக்குதல் தொடங்கிற்று. அந்தத் தாமதம் பிரசியருக்கு உதவியது. இரண்டு நாள் முன்னர் லிஞ்யீயில் தோற்றுப் பின்வாங்கியிருந்த அவர்கள் பிற்பகலில் பிரெஞ்சுப் படையின் வலப்பக்கத்தில் வந்து மோதினர். மாலையில் பேரரசக் காவற்படையும் பின்னடைந்தது. அந்த ஒரே நாளில் 40,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். நான்கு நாளில் நெப்போலியன் முடி துறந்தார்.

ஐரோப்பாவின் புதிய வரைபடம் இப்போரில் பிறந்தது என்று பாடநூல்கள் சில கூறுகின்றன. நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வியன்னா மாநாட்டின் இறுதி உடன்படிக்கை கையொப்பமானது ஜூன் 9ஆம் நாள். போர் நிகழ்ந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. வரைபடம் முன்னரே தீட்டப்பட்டுவிட்டது. நெப்போலியன் அன்று வென்றிருந்தாலும் ஆஸ்திரிய, ரஷ்யப் படைகள் பிரான்சை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஆகவே போர் தீர்மானித்தது நெப்போலியனின் வீழ்ச்சியை அன்று, அது எவ்வளவு விரைவில், எவர் கையால் நேரும் என்பதையே என்பது என் கருத்து. வியன்னாவில் வகுத்த ஏற்பாட்டை அது காத்தது; அக்காவலில் பிரிட்டனும் பிரசியாவும் முதலிடம் பெற்றன.

அந்த ஏற்பாட்டின் ஒரு கூறு நம் வட்டாரத்தைத் தொடுகிறது. பிரான்சின் வடக்கே அரணாக நிற்க, பெல்ஜியத்தையும் சேர்த்து வலிய நெதர்லாந்து அரசு ஒன்று உருவாக்கப்பட்டது. வாட்டர்லூக் களம் அவ்வரசின் மண்ணே; பட்டத்து இளவரசர் அங்குக் காயமுற்றார். அந்த அரசுக்கு வலுவூட்டும் பொருட்டே, தான் 1811இல் கைப்பற்றிய ஜாவாவைத் திருப்பித்தர 1814ஆம் ஆண்டு உடன்பாட்டில் பிரிட்டன் இசைந்தது. பிரசல்ஸ் நெப்போலியனிடம் வீழ்ந்திருப்பின் அவ்வாக்குறுதி என்னவாகியிருக்கும் என்று மாணவர் எண்ணிப் பார்க்கலாம். பெறுவதற்கு உரிய அரசே நிலைத்திருக்குமா என்பது ஐயம்.

அரசு நிலைத்தது, 1816இல் ஜாவா டச்சுக்காரரிடம் சென்றது. அதை ஆண்ட ராஃபிள்ஸ் அக்கைமாற்றத்தை விரும்பாதவர். பின்னர் பென்கூலனிலிருந்துகொண்டு, டச்சுப் பிடிக்கு வெளியே ஒரு துறைமுகம் தேடினார். 1819இல் சிங்கப்பூரில் கால் பதித்தார். (நகரின் வாட்டர்லூ தெருவில் நடப்போருள் எத்தனை பேர் இத்தொடர்பை நினைப்பர்!) டச்சு அரசு மறுப்புத் தெரிவித்தது, பூசல் ஐந்தாண்டு நீண்டது. 1824 மார்ச்சில் இலண்டனில் ஒப்பமிட்ட உடன்படிக்கை மலாக்காவையும் சிங்கப்பூரையும் பிரிட்டனுக்கும், பென்கூலனை நெதர்லாந்துக்கும் உரியதாக்கியது. நீரிணையின் இருகரையிலும் பரவியிருந்த ஜொகூர்–ரியாவ் அரசு அத்துடன் இரண்டாகப் பிளந்தது.