உணர்வுசார் உண்ணலும் உடற்பருமனும்: ஓர் உளவியல் கருத்தாக்கத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மனக்கலக்கத்தின்போது மிகையாக உண்பதே உடற்பருமனுக்கு அடிப்படை என்னும் கருத்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மருத்துவத்திலும் உளவியலிலும் உருப்பெற்றது. ஹில்டே புரூக்கின் நியூயார்க் ஆய்வுகள் முதல் ஹெர்மன், பொலிவி ஆகியோரின் உணவுக் கட்டுப்பாட்டுக் கோட்பாடு வரை அக்கருத்து அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பருமனுக்கான பொறுப்பு யார்மீது சுமத்தப்பட்டது என்பதும், ஏறத்தாழ ஒரே வகையான சோதனை முடிவுகள் எவ்வாறு வேறு வேறாகப் பொருள்கொள்ளப்பட்டன என்பதும் இதன் மைய வினாக்கள்.

திறவுச்சொற்கள்: உணர்வுசார் உண்ணல், உடற்பருமன், ஹில்டே புரூக், ஸ்டான்லி ஷாக்டர், உணவுக் கட்டுப்பாடு, உளவியல் வரலாறு

முன்னுரை

துன்பம் வந்தால் சோறு இறங்காது என்பதும், துன்பத்தை மறக்கவே சிலர் தின்கின்றனர் என்பதும் ஒருங்கே வழங்கிவரும் பொதுவழக்குகள். துயரத்தில் தின்று ஏற்றிக்கொண்ட உடற்கொழுப்பைக் குறிக்க ஜெர்மன் மொழியில் 'கும்மர்ஷ்பெக்' என்றொரு தனிச்சொல்லே உண்டு. எனினும் இவ்வழக்கறிவு மருத்துவக் கோட்பாடாக மாறியது பிற்காலத்தில்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருமன் பற்றிய மருத்துவ விவாதம், உடலுக்குள் தோன்றும் கோளாறா, மிகையுணவா என்னும் இரு முனைகளுக்கிடையே நடந்தது. மிகையுணவே காரணம் என்றோர் பெரும்பாலும் அதனைப் பெருந்தீனி, சோம்பல் என்னும் ஒழுக்கக் குறைபாடாகவே பேசினர். அந்நிலையில் 'ஒருவர் ஏன் மிகையாக உண்கிறார்' என்பதை மருத்துவ வினாவாக்கியது உளவியல் அணுகுமுறையின் பேறு. அதே அணுகுமுறை புதிய குற்றவாளிகளையும் உருவாக்கிற்று.

சுரப்பியிலிருந்து தாய்க்கு

ஹில்டே புரூக் (1904–1984) ஜெர்மனியில் பிறந்த யூத மருத்துவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் இங்கிலாந்துக்கும், மறு ஆண்டு நியூயார்க்குக்கும் புலம்பெயர்ந்த அவர், அங்குக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பருமனான குழந்தைகளை ஆராயத் தொடங்கினார். வியன்னாவின் ஆல்ஃபிரட் ஃப்ரோலிச் 1901இல் பிட்யூட்டரிக் கட்டியும் பருமனும் கொண்ட சிறுவன் ஒருவனை விவரித்திருந்தார். அதன்பின், பருமனான சிறுவன் எவனுக்கும் அந்நோயின் பெயரையே சூட்டுவது அமெரிக்க மருத்துவர்களிடையே வழக்கமாகியிருந்தது. புரூக் 1939இல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வழக்கத்தை மறுத்தன. தாம் கண்ட குழந்தைகளின் வளர்ச்சியும் பருவமடைதலும் இயல்பாகவோ சற்று முந்தியோ நிகழ்ந்தன என்றும், சுரப்பிக் குறைபாடு காரணமாயின் இவை தாமதமாகியிருக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

சுரப்பி காரணமன்று எனில், குழந்தைகள் அளவுக்கு மீறி உண்பதற்கு எது காரணம்? விடை தேடிப் புரூக் அக்குழந்தைகளின் வீடுகளை நோக்கித் திரும்பினார். கிரேஸ் டூரெய்னுடன் இணைந்து 1940இல் அவர் வெளியிட்ட குடும்பச் சூழல் ஆய்வு, பின்வந்த பல பத்தாண்டுகளின் சிந்தனையை வடிவமைத்தது. தந்தை வலுவற்றவர், தாயே குடும்பத்தை ஆள்பவர், உள்ளூரக் குழந்தையை முழுமையாக ஏற்க இயலாத தாய், அக்குறையை மிகைப் பாதுகாப்பாலும் உணவாலும் ஈடுசெய்கிறார் என்பது அவ்வாய்வு தீட்டிய சித்திரம்.

இவ்விடத்தில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. அக்குடும்பங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள். ஆய்வுக் காலமோ பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். தாய்மார் பலர் வறுமையில் வளர்ந்தவர்கள் என்பதைப் புரூக்கே பதிவுசெய்துள்ளார். பசியை அறிந்த ஒருத்திக்குக் குழந்தையின் நிறைந்த தட்டு வெறும் அன்பின் மாற்றுப்பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது. அது குடும்பம் பிழைத்துக்கொண்டது என்பதற்கான சான்றாகவும் இருந்திருக்கும். புரூக் இவ்வரலாற்றுச் சூழலைக் கண்டார். ஆனால் அதனைத் தாயின் ஆளுமைக் குறையாகப் படித்தார். அவருடைய ஆய்வின் பெருங்குறை இதுவே எனலாம்.

பிற்காலத்தில் புரூக்கின் கருத்து நுட்பமடைந்தது. பசியை இனங்காண்பதும் ஓரளவு கற்றலே என்றார் அவர். குழந்தை குளிரால் அழுதாலும் அச்சத்தால் அழுதாலும் உணவே விடையாகக் கிடைக்குமாயின், அக்குழந்தை பசியையும் பிற வேதனைகளையும் பிரித்தறியாமலே வளரும் என்பது அவருடைய விளக்கம். ஹெரால்டு கப்லான், ஹெலன் சிங்கர் கப்லான் ஆகியோர் 1957இல் வெளியிட்ட திறனாய்வு இன்னும் எளிய வடிவம் தந்தது: உண்ணல் பதற்றத்தைத் தணிக்கிறது, பருமனானவர் அதனாலேயே மிகையாக உண்கிறார். சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று அது.

நியூயார்க் ஆய்வுக்கூடத்தில் அச்சமும் கடிகாரமும்

ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் கோக்கும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோரை இரைப்பைக்குள் சிறு பலூனை விழுங்கச் செய்து, சுருக்கங்களைப் பதிவுசெய்தவாறே பசிக்கிறதா என்று இடையிடையே வினவினர். இரைப்பைச் சுருக்கத்துக்கும் பசி பற்றிய கூற்றுக்கும் இடையிலான பொருத்தம் பருமனானவர்களிடம் குறைவாக இருந்தது. இம்முடிவையே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி ஷாக்டர் தம் தொடக்கப் புள்ளியாகக் கொண்டார்.

ஷாக்டர், கோல்டுமேன், கார்டன் ஆகியோர் 1968இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்குப் பிஸ்கட்டுகளின் சுவையை மதிப்பிடும் பணி தரப்பட்டது. எத்தனை தின்றனர் என்பதே உண்மையில் எண்ணப்பட்டது. ஒரு பிரிவினரிடம் வலி மிகுந்த மின்னதிர்ச்சி காத்திருக்கிறது என்றும், மற்றொரு பிரிவினரிடம் இலேசான கூச்சமே இருக்கும் என்றும் கூறப்பட்டது. அச்சமுற்ற இயல்பு எடையினர் குறைவாகத் தின்றனர். பருமனானவர்கள் சற்றே கூடுதலாகத் தின்றனர். ஆனால் அவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. கப்லான் கூற்று இங்கே உறுதிப்படவில்லை.

அதே ஆண்டில் ஷாக்டரும் கிராஸும் கடிகாரத்தைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். உண்மை நேரம் மாலை 5.35 ஆக இருந்தபோது ஒரு கடிகாரம் 5.20 என்றும் மற்றொன்று 6.05 என்றும் காட்டுமாறு செய்யப்பட்டது. 6.05 என்று நம்பிய பருமனானவர்கள் மற்றப் பருமனானவர்களைவிட மிகுதியாக உண்டனர். இயல்பு எடையினரோ இரவுணவைக் கெடுத்துக்கொள்ள விரும்பாமல் குறைத்துக்கொண்டனர். ஷாக்டர் வந்தடைந்த முடிவு இது: பருமனானவரை உண்ணத் தூண்டுவது வயிறுமன்று, துயரமுமன்று, நேரம், காட்சி, சுவை ஆகிய புறக்குறிகளே. இக்கோட்பாட்டில் தாய் விடுவிக்கப்பட்டாள். பருமனானவரோ தம் உடலின் குரல் கேளாதவராக, சூழலுக்கு வசப்பட்டவராக நின்றார்.

அதே அச்சம், வேறு பிரிப்பு

இதனை உடைத்தவர்கள் ஷாக்டரிடம் பயின்றவர்களே. 1972இல் ரிச்சர்டு நிஸ்பெட், பருமனானவர்களின் நடத்தை பட்டினி கிடப்போரின் நடத்தையை ஒத்திருப்பதைச் சுட்டினார். சமூக அழுத்தத்தால் தம் உடலுக்குரிய எடைக்குக் கீழே இருக்க முயலும் அவர்கள் உண்மையிலேயே பசித்திருப்பவர்கள் என்றார். இவ்வொப்பீட்டுக்குச் சான்று முன்பே இருந்தது. ஆன்செல் கீஸ் 1944–45இல் மினசோட்டாவில், போர்ச்சேவையை மனச்சான்றின்படி மறுத்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ 25 விழுக்காட்டை இழந்தனர். அவர்களுடைய சிந்தனையெங்கும் உணவே நிறைந்தது. பின்னர் உணவு தடையின்றிக் கிடைத்தபோது சிலரால் நிறுத்த இயலவில்லை. அவ்விளைஞர்கள் எவரும் தாயால் தவறாக ஊட்டப்பட்டவர் என்று யாரும் கூறவில்லை.

பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975இல் வெளியிட்ட சோதனையில், உணவைக் கட்டுப்படுத்தும் இயல்புடைய பெண்கள் மில்க்‌ஷேக் அருந்திய பின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொள்வதற்கு மாறாகக் கூடுதலாகத் தின்றனர். அதே ஆண்டில் ஹெர்மனும் ஜேனட் பொலிவியும் ஷாக்டரின் மின்னதிர்ச்சி அச்சத்தை மீண்டும் பயன்படுத்தினர். மாற்றம் ஒன்றே: பங்கேற்றோரை எடையால் பிரிக்காமல், உணவுக் கட்டுப்பாட்டு அளவுகோலால் பிரித்தனர். கட்டுப்பாடு அற்றவர்கள் அச்சத்தில் குறைவாக உண்டனர். கட்டுப்பாடு உடையவர்கள் சற்றே கூடுதலாக உண்டனர். ஷாக்டர் கண்ட முடிவின் வடிவமே இங்கும் தோன்றியது, எடை வேறுபாடு அடிப்படையாக இல்லாமலே. 1968இன் பருமனானவர்கள் பருமனால் அவ்வாறு உண்டார்களா, இளைக்க முயன்றதால் உண்டார்களா என்னும் ஐயத்தை இது எழுப்பிற்று. உணவைத் துறந்து கட்டிய மனவுறுதி கலக்கத்தின்போது தளர்கிறது என்பது ஹெர்மன், பொலிவியின் விளக்கம். மருத்துவர் பரிந்துரைத்த மருந்தே இதன்படி நோயின் ஒரு காரணமாகிறது.

வினாநிரலாக உறைந்த விவாதம்

நெதர்லாந்தின் வான் ஸ்ட்ரியனும் குழுவினரும் 1986இல் 33 வினாக்கள் கொண்ட உண்ணல் நடத்தை வினாநிரலை வெளியிட்டனர். உணர்வுசார் உண்ணலுக்கு 13, புறத்தூண்டல் உண்ணலுக்கு 10, கட்டுப்பாட்டுக்கு 10 என அமைந்த அதன் மூன்று பிரிவுகளும் முறையே புரூக், ஷாக்டர், ஹெர்மன்–பொலிவி ஆகியோரின் மரபுகளைச் சார்ந்தவை. ஒன்றையொன்று மறுத்தெழுந்த கோட்பாடுகள் இவ்வாறு ஒரே தாளில் அருகருகே இடம்பெற்றன. அதே 1986இல் ஸ்டங்கார்டும் குழுவினரும் டென்மார்க்கில் தத்துக்கொடுக்கப்பட்ட 540 பேரின் எடையை ஆராய்ந்தனர். அது பெற்றோரின் எடையோடு தொடர்புற்றிருந்தது. வளர்த்தோரின் எடையோடு தொடர்புறவில்லை. ஊட்டி வளர்த்தவளே காரணம் என்னும் வாதத்துக்கு இதனினும் வலிய மறுப்பு அதுவரை எழவில்லை. இதனைக் காணப் புரூக் உயிருடன் இல்லை; 1984இலேயே மறைந்திருந்தார்.

வினாநிரலின் உணர்வுசார் பிரிவு, சினமோ சலிப்போ நேரும்போது உண்ணும் விருப்பம் தோன்றுகிறதா என்றே வினவுகிறது; எவ்வளவு உண்ணப்படுகிறது என்பதை அது அளப்பதில்லை. எவர்ஸ், டி ரிடர், அட்ரியான்சே ஆகியோர் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், தம்மை உணர்வுசார் உண்ணலுடையோர் என மதிப்பிட்டுக்கொண்டவர்கள் மனக்கலக்கத்தின்போது பிறரைவிட மிகுதியாக உண்ணவில்லை. பருமனானவர் தம் பசியைப் பற்றிக் கூறியதை 1964இல் பலூன் ஐயுற்றது. தம் துயரத்தைப் பற்றி அவர் கூறுவதை இப்போது தட்டில் எஞ்சிய பிஸ்கட்டுகள் ஐயுறுகின்றன. எனினும் இவ்வினாநிரலின் மதிப்பெண்களுக்கும் உடல் நிறைக் குறியீட்டெண்ணுக்கும் இடையிலான தொடர்பைக் கணக்கிடும் ஆய்வுகள் இன்றும் வெளிவந்தவண்ணம் உள்ளன.